உஷார்! "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்று மெசேஜ் வந்திருக்கிறதா?

கல்லூரிப் பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள். "தினமும் இரண்டு மணி நேரம் போதும், டைப்பிங் வேலை, முன்பணம் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்ததா? தொடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

போனில் ரம்மி ஆடிக் கெட்ட பிள்ளைகளைப் பற்றி ஊரே பேசி முடித்துவிட்டது. இது அவர்களைப் பற்றியது அல்ல. சும்மா உட்காரக் கூடாது, நேரத்தை உருப்படியாகக் கழிக்க வேண்டும் என்று நினைத்த நல்ல பிள்ளைகள் மாட்டிக்கொண்ட கதை. எனக்குப் பயமே அதனால்தான். சூதாடுகிற பிள்ளையை வீட்டில் கண்காணிப்பார்கள். வேலை பார்க்கிற பிள்ளையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடினார்கள். 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஹாஸ்டலில் இருந்த பிள்ளைகள் துணிப்பையோடு திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். சம்பா அறுப்பு முடிந்திருந்தது. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் இந்தக் கடைமடைக்கு வந்து சேரும்வரை நடவு வேலை கிடையாது. அப்பாவுக்குக் கூலி நின்றுவிட்டது. அம்மாவின் மகளிர் குழுக் கடன் மட்டும் நிற்கவில்லை.

அப்படி ஒரு வீட்டுப் பையன். பெயர் வேண்டாம். பி.காம். இரண்டாம் வருடம். நம்மால் நாலு காசு வரட்டுமே என்று ஒரு 'டேட்டா என்ட்ரி' வேலைக்குப் பதிவு செய்தான். பணம் எதுவும் கேட்கவில்லை, அதனாலேயே நம்பிவிட்டான். ஆதார் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். நீளமான ஒரு ஒப்பந்தத்தில் போனிலேயே விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டான். படிக்கவில்லை.

வந்த பக்கங்களைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்கேன் செய்த ஆங்கிலப் பக்கங்கள். எழுத்தெல்லாம் வேண்டுமென்றே மங்கலாக்கியது. அது ஒன்றா, 'எல்' எழுத்தா என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கான பக்கம். மொட்டை மாடியில் சிக்னல் கிடைக்கிற மூலையில், கொசுக்கடியில், பெரியப்பா மகனிடம் வாங்கிய பழைய லேப்டாப்பில் ராத்திரி பகலாக அடித்து முடித்தான்.

சம்பளம் வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தது.

"தவறுகள் அதிகம். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள். 5,500 ரூபாய் கட்டுங்கள். இல்லையென்றால் 48 மணி நேரத்தில் உங்கள் வீட்டுக்குப் போலீஸ் வரும்." மேலே தராசுப் படம், கீழே கோர்ட் முத்திரை மாதிரி ஒன்று. எல்லாமே பொய். டைப்பிங்கில் தப்பு விட்டதற்காக எந்தப் போலீசும் யாரையும் கைது செய்யாது. இதைச் சொல்ல அவன் பக்கத்தில் யாரும் இல்லை. அவன்தான் யாரிடமும் சொல்லவில்லையே!

அப்பாவுக்குத் தெரியாமல் கட்டிவிடலாம் என்று ஒரு லோன் ஆப்பைப் போட்டான். கேட்டது 5,500. பிடித்தம் போகக் கைக்கு வந்தது அதைவிட வெகு குறைவு. ஏழே நாளில் முழுத் தொகையும் கட்ட வேண்டுமாம். அதை அடைக்க இன்னொரு ஆப். அதை அடைக்க மூன்றாவது. போனில் இருந்த நம்பர்கள் எல்லாம் அவர்கள் கைக்குப் போயின. அத்தைக்கும் கல்லூரி சாருக்கும் கூடப் படித்த பெண்களுக்கும் அவன் போட்டோவோடு 'திருடன்' என்று மெசேஜ் போனது. கடைசியில் அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. அந்தப் பையன் மூன்று நாள் சாப்பிடவில்லை. உயிரோடு இருக்கிறான். அதுவே பெரிய விஷயம்.

இந்த ஆப்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2020 டிசம்பர் 23-ல் எச்சரித்தது. 2021 ஜனவரியில் சென்னைப் போலீசார் பிடித்த ஒரு கும்பலில் இரண்டு சீனர்கள் இருந்தார்கள். கடன் ஆப்கள் போனில் உள்ள நம்பர்களைத் தொடவே கூடாது என்று 2022-ல் விதியும் வந்துவிட்டது. திருட்டு ஆப்புக்கு விதி ஏது?

ஊரடங்குதான் போய்விட்டதே என்று அலட்சியம் வேண்டாம். செமஸ்டர் லீவு வருகிறது. ஐப்பசி கார்த்திகையில் மழை லீவு வருகிறது. மெசேஜும் வருகிறது, வேறு வேஷத்தில். யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய் என்பார்கள். முதல் 150 நிஜமாகவே வரும். அதுதான் தூண்டில் புழு. அப்புறம் ஆயிரம் போடு, ஆயிரத்து முந்நூறு எடு என்பார்கள்.

இதையெல்லாம்விட மோசமான ஒன்று இருக்கிறது. "உன் பேங்க் அக்கவுண்டையும் ஏடிஎம் கார்டையும் கொடு, கமிஷன் தருகிறோம்." கொடுக்கவே கொடுக்காதீர்கள்! யாரையோ ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். எங்கோ ஒரு மாநிலத்துப் போலீஸ் கணக்கை முடக்கும். ஸ்காலர்ஷிப் பணமும் உள்ளே மாட்டும். வழக்கில் உங்கள் பெயர் வரும். நாளைக்கு அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அந்த வழக்கு குறுக்கே நிற்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நேர்முகம் இல்லாமல் அரை மணியில் வேலை கிடைத்தால் உஷார். ஆபீஸ் விலாசம் கேட்டால் பேச்சை மாற்றினால் உஷார். வேலை தருகிறவன் பதிவுக் கட்டணம், டெபாசிட், அபராதம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அவன் திருடன்தான். "இன்றைக்கே", "இப்பவே" என்று அவசரப்படுத்தினாலும் அப்படித்தான். "வீட்டில் சொல்லாதே" என்றால் போனை வைத்துவிட்டு நேராக வீட்டில் போய்ச் சொல்லுங்கள். அரை நாளில் சர்டிபிகேட் தரும் கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தக் காகிதத்தை எந்தக் கம்பெனியும் மதிப்பதில்லை.

நேரத்தை வீணாக்கச் சொல்லவில்லை. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க விரும்பினால் மட்டும் கட்டணம். கல்லூரி ஏற்றுக்கொண்டால் அந்த மதிப்பெண் உங்கள் பட்டப்படிப்பிலும் சேரும். முதலில் துறைத் தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் இருக்கிறது. கட்டிமேடு நெல் ஜெயராமன் 170-க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்கி, ஊர் ஊராகப் பரப்பினார். 2018 டிசம்பரில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கள் தாத்தா பாட்டியும் பூங்கார், காட்டுயானம் மாதிரி பழைய நெல் போட்டவர்களாக இருப்பார்கள். எந்த வயலில், எத்தனை நாள் பயிர், எந்த வெள்ளத்தைத் தாங்கியது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தாவரவியலோ வேளாண்மையோ படிக்கிற பிள்ளைக்கு அது புராஜெக்டாகவே ஆகும். காசு கிடைக்காது. காசு போகவும் போகாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? ஒரு ரூபாய் கூட இனிமேல் கட்டாதீர்கள். மெசேஜ், நோட்டீஸ், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும், பிடிக்க முடியாது. திருவாரூரில் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லப் பயமா? சித்தப்பாவிடமோ அத்தையிடமோ சொல்லுங்கள். பெற்றவர்களே, பிள்ளை வந்து சொன்னால் முதலில் அடிக்கக் கை ஓங்காதீர்கள். போனை வாங்கி 1930 போடுங்கள்.