தானாக நின்றுபோகும் லெப்டொப்: செலவுக்கு முன் கவனிக்க வேண்டியவை

மளிகை, ஹாட்வெயார், புடவை என எந்த வியாபாரத்தை எடுத்துக்கொண்டாலும், இன்று நம்மில் பலரது கொடுக்கல் வாங்கல் முழுவதும் ஒரு லெப்டொப்புக்குள்தான் இருக்கிறது. யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எந்தத் திகதியிட்ட காசோலை கொடுத்திருக்கிறோம், களஞ்சியத்தில் எத்தனை பெட்டி மிச்சமிருக்கிறது என்பதெல்லாம் அதற்குள்தான். அந்த லெப்டொப் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திடீரென நின்றுபோனால், அன்றைய பில் மட்டுமல்ல, வங்கிக்கு வரப்போகும் காசோலையின் திகதியும் சேர்ந்தே மறைந்துவிடலாம்.

சிறு வியாபாரிகளின் கணக்குகளைப் பார்த்துக் கொடுப்பது எனது தொழில். மாதத்தில் பாதி நாட்கள் பிறருடைய கடைகளில், அவர்களுடைய இயந்திரங்களுக்கு முன்னால்தான் அமர்ந்திருக்கிறேன். நான் கணினி திருத்துபவன் அல்லன். எனினும் இந்தக் கோளாறைப் பல கடைகளில் பார்த்ததில் ஒரு விடயம் தெளிவாகியிருக்கிறது. லெப்டொப் ஏன் நிற்கிறது என்று கேட்பதற்கு முன், அது எப்போது நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். எப்போது என்பது தெரிந்துவிட்டால், காரணம் பெரும்பாலும் தானாகவே வெளிவந்துவிடும். அது தெரியாமல் திருத்துமிடத்துக்குப் போகிறவர்தான் தேவையில்லாத பாகத்துக்குப் பணம் கட்டுகிறார்.

முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்

லெப்டொப் ஒரு தடவை தானாக நின்றாலே, அடுத்த முறை இயங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை கணக்குகளைப் பிரதி எடுப்பது. கணக்கு மென்பொருளில் பெக்அப் எடுக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். எக்செல் என்றால் பைலை மூடிவிட்டு பென் டிரைவில் பிரதி செய்யுங்கள். நேற்றைய பிரதியின் மேலேயே இன்றையதை எழுதிவிடாமல், ஒவ்வொன்றுக்கும் திகதியைப் பெயராக வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் பைல் சிதைந்துபோக இடமுண்டு. சிதைந்த பைலை நல்ல பிரதியின் மேல் பதிந்துவிட்டால் இரண்டும் போய்விடும். ஒரு பென் டிரைவ் கடையில் இருந்தால் மற்றொன்று வீட்டில் இருக்கட்டும்.

எக்செல், வேர்ட் போன்றவை தாமாகவே 10 நிமிடத்துக்கு ஒரு தடவை மீட்புப் பிரதி ஒன்றை எடுத்து வைக்கும். அமைப்புகளுக்குள் சென்று இதனை 1 அல்லது 2 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

நான்கு நாள் குறிப்பு

அடுத்ததாக ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லெப்டொப் நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஐந்து விடயங்களைக் குறியுங்கள்: நேரம், இயக்கி எத்தனை நிமிடம், சார்ஜர் பொருத்தியிருந்ததா, பெட்டரி எத்தனை வீதம் காட்டியது, அடிப்பக்கம் சூடாக இருந்ததா. திரையில் நீல நிறத்தில் ஏதாவது செய்தி வந்தால் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மூன்று நான்கு நாட்களில் ஓர் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

சூடேறி நிற்பது

இயக்கிச் சிறிது நேரம் நன்றாக ஓடி, பின் விசிறி இரைந்து, வேகம் குறைந்து, படக்கென்று நின்றால் காரணம் பெரும்பாலும் சூடு. உடனே மீண்டும் இயக்கினால் முன்னரைவிடச் சீக்கிரம் நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் ஓடும். பெரும்பாலான லெப்டொப் புரொசெசர்களுக்கு எல்லை 100 பாகை செல்சியஸ் அளவில் வைக்கப்பட்டுள்ளது. அதை நெருங்கும்போது புரொசெசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு தணியாவிட்டால், எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆகவே இப்படி நிற்பது இயந்திரம் செத்துவிட்டதன் அடையாளமல்ல; அதன் பாதுகாப்பு வேலை செய்வதன் அடையாளம்.

புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரின் லெப்டொப் தினமும் நின்றுகொண்டிருந்தது. திருத்தக் கொடுத்த இடத்தில் மதர்போர்ட் போய்விட்டது என்று சொல்லி, பாவித்த லெப்டொப் ஒன்றின் விலையில் பாதியைக் கேட்டிருந்தார்கள். “நானா, இதக் குடுத்துட்டு புதுசொண்டு எடுப்பமா?” என்று என்னிடம் கேட்டார். நான்கு நாள் குறித்து வைக்கச் சொன்னேன். குறிப்பைப் பார்த்தால், காலையில் கடை திறந்தவுடன் ஒருபோதும் நின்றதில்லை. வெயில் ஏறி, வியாபாரம் சூடுபிடித்த பிறகுதான் நின்றிருந்தது. லெப்டொப் இருந்த இடமோ துணிக் கட்டு ஒன்றின் மேல். அடியிலிருக்கும் காற்றுத் துவாரத்தைத் துணி மூடியிருக்க, பக்கவாட்டுத் துவாரம் பஞ்சுத் தூசியால் அடைபட்டிருந்தது. வேறொருவர் திறந்து சுத்தம் செய்து, புரொசெசரின் மேல் காய்ந்துபோயிருந்த பசையை மாற்றிக் கொடுத்தார். மதர்போர்ட் பழையதுதான், லெப்டொப் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பசையின் வேலை, புரொசெசரின் சூட்டைச் செப்புக் குழாய்க்குக் கடத்துவது. சில வருடங்களில் அது காய்ந்து வெடித்துவிடும். மாவு, சீமெந்து, பஞ்சு ஆகியவற்றின் தூசி பறக்கும் கடைகளில் துவாரம் அடைபடுவதும் சீக்கிரம் நடக்கும். மெத்தை, துணி, கார்ட்போர்ட் பெட்டி ஆகியவற்றின் மேல் வைக்காமல், மட்டமான பலகையில் வையுங்கள். துவாரத்தில் காற்றடிக்க விரும்பினால், லெப்டொப்பை முழுமையாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். காற்றின் வேகத்தில் விசிறி கட்டுப்பாடின்றிச் சுழன்றால் அது பழுதாகலாம் என்பதால், சிறு சிறு வீச்சாக அடியுங்கள்.

பெட்டரியினால் நிற்பது

சார்ஜர் பொருத்தியிருக்கும்போது ஒரு குறையுமில்லை. கழற்றியவுடன் அல்லது கரண்ட் போன அதே கணத்தில் நிற்கிறது என்றால் பெட்டரியைத்தான் பார்க்க வேண்டும். 30 வீதம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே நிற்பதும் இதே நோய்தான். பழைய பெட்டரியால், வேலை கூடும் நேரத்தில் கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்க முடிவதில்லை. அதன் வோல்ட் அளவு சட்டென விழுந்துவிடுகிறது.

லித்தியம் அயன் பெட்டரிகள் சில நூறு தடவை முழுமையாக ஏறி இறங்கியதும் தமது கொள்ளளவில் ஒரு பகுதியை இழந்துவிடும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. நல்ல பெட்டரியுள்ள லெப்டொப் தனக்குத்தானே ஒரு யூபிஎஸ். பெட்டரி செத்த லெப்டொப்போ, கரண்ட் வெட்டப்படும் ஒவ்வொரு தடவையும் கணக்கைப் பணயம் வைக்கும் மேசைக் கணினிக்குச் சமம்.

வின்டோஸிலேயே பெட்டரியின் நிலையைப் பார்க்கலாம். தேடும் கட்டத்தில் சி எம் டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டினால் ஒரு கறுப்புச் சாளரம் திறக்கும். அதில் பவர்சிஎப்ஜி (பி, ஓ, டபிள்யூ, ஈ, ஆர், சி, எப், ஜி) என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாயும் கோடு ஒன்றைப் போட்டு, இடைவெளியின்றி பெட்டரிரிபோர்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி என்டர் தட்டுங்கள். ஓர் அறிக்கை சேமிக்கப்பட்டு, அது இருக்கும் இடமும் காட்டப்படும். அந்த அறிக்கையில் இரண்டு எண்களைப் பாருங்கள். டிசைன் கெபாசிட்டி என்பது புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு. புல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்று மிச்சமிருப்பது. முதலாவது 40,000 ஆகவும் இரண்டாவது 18,000 ஆகவும் இருந்தால், பாதிக்கும் குறைவாகவே மிச்சமிருக்கிறது. மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. அடிப்பக்கம் புடைத்திருந்தாலோ, மவுஸ் தடவும் பலகை மேலெழும்பியிருந்தாலோ பெட்டரி வீங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு அதைச் சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். தீப்பற்றும் அபாயமுண்டு. அறிந்தவரிடம் கொடுத்துக் கழற்றுங்கள்.

சார்ஜரினால் நிற்பது

வயரை அசைத்தால் சார்ஜ் அடையாளம் வந்து போகிறதா? அப்படியானால் பிளக் முனையோ, லெப்டொப்பில் அது செருகும் இடமோ தளர்ந்திருக்கிறது. வாங்கிய மாற்றுச் சார்ஜர் போதுமான வலுவுடையதா என்பதையும் பாருங்கள். சார்ஜரின் லேபலில் உள்ள வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வொட் வரும். 19.5 வோல்ட், 3.34 அம்பியர் என்றால் 65 வொட். அதே லெப்டொப்புக்கு 45 வொட் சார்ஜரைக் கொடுத்தால், வேலை குறைந்த நேரத்தில் சமாளிக்கும். வேலை கூடும்போது பெட்டரியிலிருந்து எடுக்கத் தொடங்கும். பெட்டரியும் பலவீனமென்றால் நின்றுவிடும். புதிய லெப்டொப்புகளின் டைப் சி துவாரத்தில் கைபேசிச் சார்ஜரைச் செருகி வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சார்ஜர் மாற்றும்போது வோல்ட் அளவு பழையதைப் போலவே இருக்க வேண்டும். வொட் கூடினால் பாதகமில்லை, குறையக்கூடாது. தெரிந்தவர் ஒருவரின் சரியான சார்ஜரை ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே செலவில்லாத பரிசோதனை.

நிற்கவில்லை, நிறுத்தப்பட்டது

சில வேளைகளில் கோளாறே இருக்காது. வின்டோஸ் தனது புதுப்பித்தலுக்காக இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கியிருக்கும். இதை அறிய, ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து ஈவன்ட் வியூவரைத் திறந்து, வின்டோஸ் லொக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்பதைப் பாருங்கள். நின்ற நேரத்தை ஒட்டி 1074 என்ற இலக்கம் இருந்தால், யாரோ அல்லது ஏதோ ஒரு புரோகிராம் முறைப்படி நிறுத்தியிருக்கிறது என்று பொருள். எது என்ற பெயரும் அங்கேயே இருக்கும். 41 என்ற இலக்கம் இருந்தால், முறைப்படி மூடாமல் நின்றது என்று மட்டுமே பொருள். எந்தப் பாகம் பழுது என்பதை அது சொல்வதில்லை. 41ஐக் காட்டி மதர்போர்ட் என்று யாராவது சொன்னால், வேறு ஆதாரம் கேளுங்கள்.

இன்னுமொரு சிறிய விடயம். மூடியை மூடினால் லெப்டொப் உறங்குவது, உள்ளே இருக்கும் காந்த உணரி ஒன்றினால்தான். காந்தப் பூட்டுள்ள கைபேசி உறையைக் கீபோர்ட்டின் ஓரத்தில் வைத்தால், மூடி மூடப்பட்டதாக எண்ணித் திரை அணைந்துவிடும். கைபேசியை எடுத்து அப்பால் வைத்தால் தீர்ந்தது.

திருத்தக் கொடுக்கும்போது

கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். இயக்கியவுடன் எப் 2, டிலீட், எப் 10 போன்ற விசைகளில் உங்கள் இயந்திரத்துக்கு உரியதை அழுத்தினால் பயோஸ் திரை வரும். அதிலேயே அரை மணி நேரம் விடுங்கள். அங்கே வின்டோஸ் இயங்குவதில்லை. அங்கும் நின்றால் கோளாறு பாகங்களில்தான். வின்டோஸை அழித்து மீண்டும் பதிவதற்குப் பணம் கொடுப்பது வீண். அங்கே நிற்காவிட்டால் பாகங்கள் எல்லாம் நலம் என்று முடிவு செய்யவும் முடியாது, ஏனெனில் அந்தத் திரையில் வேலைப்பளு மிகக் குறைவு. நீலத் திரை வருகிறது என்றால் வின்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னொஸ்டிக் சோதனையை ஓட்டி, ரெம் சரியா என்று பாருங்கள்.

பிறகு உங்கள் நான்கு நாள் குறிப்பை ஒரு தாளில் எழுதி லெப்டொப்புடன் சேர்த்துக் கொடுங்கள். வெறுமனே “நிக்குது” என்று சொல்லும் வாடிக்கையாளருக்கும், “சார்ஜரைக் கழற்றினால் 30 வீதத்தில் நிற்கிறது” என்று சொல்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது. கேட்காமல் போர்மட் செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள். மதிப்பீட்டை முதலில் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். சுத்தம் செய்தல், பசை, சார்ஜர், பெட்டரி ஆகிய நான்கையும் பார்த்து முடித்த பின்னரே மதர்போர்ட் பற்றிய பேச்சுக்கு வர வேண்டும். அப்போதும் திருத்தும் செலவு, அதே தரத்திலுள்ள பாவித்த லெப்டொப்பின் விலையில் பாதியைத் தாண்டினால், அந்தப் பணத்தை இன்னொரு இயந்திரத்துக்குப் போடுவதே வியாபாரக் கணக்கில் இலாபம். கணக்குப் பிரதி கையில் இருப்பவருக்கு அந்த முடிவை எடுக்க அவசரமும் இல்லை, பயமும் இல்லை.