பஸ்ஸில் பையை வாங்கி வைத்துக்கொண்டவர், தெருவில் பின்னாலேயே வந்தால்..?

இரவு ஒன்பதரை மணி இருக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறிய 1-ம் நம்பர் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. பக்கத்தில் ஓர் இளம்பெண் நின்றுகொண்டிருந்தார். தோளில் லேப்டாப் பை, கையில் சாப்பாட்டுப் பை. "கொடும்மா, நான் வச்சுக்கறேன்" என்று கை நீட்டினேன். "தேங்க்ஸ் அங்கிள்" என்று சாப்பாட்டுப் பையைக் கொடுத்தார். திருச்சி டவுன் பஸ்ஸில் தினமும் நடக்கிற விஷயம்தான்.

காவிரிப் பாலம், மாம்பழச் சாலை எல்லாம் தாண்டி, ராஜகோபுரம் ஸ்டாப் வந்ததும் பையைத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் அங்கேதான் இறங்கினார். கோபுர வாசலுக்குள் நுழைந்தார், நானும் நுழைந்தேன். தெற்குச் சித்திரை வீதிக்கு வந்ததும் கிழக்குப் பக்கம் திரும்பினார், நானும் திரும்பினேன். என் வீடு வடக்குச் சித்திரை வீதியில். நான் தினமும் போகிற வழி அது.

கடைகள் அடைத்திருந்தன. தெருவில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பத்தடி தள்ளி இன்னொரு முறை. நடை வேகமானது. போனை எடுத்து, எனக்குக் கேட்கிற மாதிரியே, "அம்மா, தெருமுனைக்கு வந்துட்டேன். வாசல்ல வந்து நில்லு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பயப்படுவது என்னைப் பார்த்து!

மெதுவாக நடந்தால் பின்தொடர்கிற மாதிரி இருக்கும். வேகமாக நடந்தால் துரத்துகிற மாதிரி. "நானும் இந்தப் பக்கம்தாம்மா" என்று குரல் கொடுத்தால், இன்னும் மிரண்டுவிடுவார். வேறு வழி தெரியாமல் ஒரு திண்ணை ஓரமாக நின்றுவிட்டேன். அவர் கீழச் சித்திரை வீதிக்குள் திரும்பி மறைந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிளம்பினேன்.

மகள் சொன்ன பதில்

வீட்டுக்கு வந்து மகளிடம் குறைப்பட்டுக்கொண்டேன். சென்னையில் வேலை பார்க்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். "பையை வாங்கி வச்சுக்கிட்டவன் நான். என்னைப் பார்த்துப் பயப்படணுமா?"

"அதனாலதாம்பா பயம் ஜாஸ்தி. பஸ்ல வலிய வந்து பேசினவர், அதே ஸ்டாப்புல இறங்கி, அதே தெருவுல பின்னாடியே வந்தா என்ன நினைப்பாங்க? நீங்க நல்லவர்னு உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "நானும் அப்படித்தான். ராத்திரி ரூமுக்கு நடந்து வர்றப்ப பின்னாடி செருப்புச் சத்தம் கேட்டா, சாவியை எடுத்துக் கையில இறுக்கிப் பிடிச்சுப்பேன்."

மூன்று வருஷமாகச் சென்னையில் இருக்கிறாள். தினமும் போனில் பேசுகிறோம். இதை ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பஸ்ஸில் இல்லாத பயம் தெருவில் ஏன்?

யோசித்துப் பார்த்தால், பஸ்ஸில்தான் அந்நியர்கள் மிக நெருக்கமாக இருக்கிறார்கள். ஆனாலும் அங்கே மரியாதை தானாக வந்துவிடுகிறது. டிக்கெட் காசு பத்துக் கை மாறி கண்டக்டரிடம் போய், சில்லறையோடு பத்திரமாகத் திரும்பி வரும். கைக்குழந்தையோடு ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள்.

வெளிச்சம் இருக்கிறது, கண்டக்டர் இருக்கிறார், நாலு பேர் பார்க்கிறார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நாள் முழுக்க பஸ்ஸில் பெண்கள் கூட்டம் இருப்பதே ஒருவருக்கொருவர் தைரியம். 2022-ல் தமிழக அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. பெண்களை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது போன்றவற்றில் ஈடுபடும் ஆணை கண்டக்டர் எச்சரிக்கலாம், இறக்கிவிடலாம், போலீஸில் ஒப்படைக்கலாம்.

அதே இருவர் பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டால், கண்டக்டரும் இல்லை, நாலு பேரும் இல்லை. பஸ்ஸில் செய்த உதவிகூடத் தெருவில் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறது. பெண்களுக்கு மட்டும் இல்லை. கோயிலுக்குப் போகிற வயதான மாமிகளைக் கவனியுங்கள். பின்னால் வருகிற பைக்கின் வேகம் குறைந்தால், கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போகும். புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வார்கள். பைக்காரர் பாவம், வீட்டு நம்பரைத் தேடிக்கொண்டிருப்பார்!

ரேழியில் மூன்று பேர்

அந்நியர்கள் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வது பற்றி ஸ்ரீரங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. திருக்கோவலூரில் ஒரு மழை இரவு. ஒரு வீட்டின் இடைகழியில், அதாவது ரேழியில், பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்கிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று எழுந்து உட்காருகிறார். மூன்றாவதாகப் பேயாழ்வார் வருகிறார். மூவர் நிற்கலாம் என்று எல்லாரும் நிற்கிறார்கள். அதன்பிறகு இருட்டில் நான்காவதாக யாரோ நெருக்குவதை உணர்கிறார்கள். அது பெருமாள் என்று கதை போகிறது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, முதலில் வந்தவர் எழுந்து உட்கார்ந்ததுதான். "நீ யார், எந்த ஊர்?" என்ற விசாரணையெல்லாம் அப்புறம். முதலில் தன் உடம்பைச் சுருக்கி அடுத்தவருக்கு இடம் விடுகிறார். பஸ்ஸில் நகர்ந்து உட்காருவது அந்த மரியாதைதான். தெருவில் அதே மரியாதைக்கு வேறு வடிவம்: விலகிப் போவது.

பின்னால் வருகிறவர் என்ன செய்யலாம்?

மகளிடமும் அவள் தோழிகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

* எதிர்ப்பக்கத்து ஓரத்துக்கு மாறி நடங்கள். இதுவே பாதி நிம்மதி கொடுத்துவிடும்.

* முந்திப் போக வேண்டுமானால் எதிர் ஓரமாகவே, அவர் கண்ணில் படும்படி, நிற்காமல் போய்விடுங்கள். முன்னால் போகிறவரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

* ஓசையில்லாமல் நெருங்காதீர்கள். வீட்டுக்கு போன் போட்டு, "தோசை மாவு இருக்கா, வாங்கிட்டு வரவா?" என்று சாதாரணமாகப் பேசுங்கள்.

* அவசரம் இல்லையென்றால் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். திறந்திருக்கிற கடையில் வாழைப்பழம் வாங்குங்கள்.

* "பயப்படாதேம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் பயந்ததற்காகக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம்.

முன்னால் போகிறவர்களுக்கும் ஒன்று. யாரோ பின்தொடர்கிறார்கள் என்று தோன்றினால், "தப்பா நினைச்சுப்பாரோ" என்று சங்கடப்பட வேண்டாம். கடைக்குள்ளோ ஆள் இருக்கிற வாசலுக்கோ போய்விடுங்கள். 112, பெண்களுக்கான உதவி எண் 181, தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' செயலி மூன்றும் போனில் இருக்கட்டும். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, பாரதிய நியாய சன்ஹிதா 78-ம் பிரிவின்படி குற்றம்.

தெருவில் கண்கள் இருந்தால் இந்த அவஸ்தையே குறைந்துவிடும். மார்கழியில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வந்து, விடிவதற்கு முன்பே ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிறவர்களைக் கேளுங்கள். வாசலுக்கு வாசல் விளக்கு, கோலம் போடும் பெண்கள், கோயிலுக்குப் போகும் கூட்டம். பின்னால் யார் வந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மற்ற மாதங்களில் அதே நேரம், அதே தெரு, வேறு மாதிரி. இரவில் ஒரு வாசல் விளக்கை எரியவிடுவதும், திண்ணையில் உட்கார்ந்து கொஞ்சம் காற்று வாங்குவதும்கூட ஊருக்குச் செய்கிற உதவிதான்.

இரண்டு பக்கமும் வழி

எங்கள் ஊர் அமைப்பில் ஒரு வசதி உண்டு. கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள். அடையவளஞ்சான், அதற்குள் சித்திரை, அதற்குள் உத்திர வீதிகள். தெற்கே நுழைந்து வடக்கே போகிறவருக்குக் கிழக்கும் ஒரு வழி, மேற்கும் ஒரு வழி. தேர் சுற்றி வருகிற இந்தத் தெருக்களில் இத்தனை வருஷம் நடந்தும், நான் பழக்கத்தில் கிழக்குப் பக்கமே போய்க்கொண்டிருந்தேன்.

போன வாரம் அதே பெண் அதே பஸ்ஸில் இருந்தார். இந்தமுறை அவருக்கு முன் சீட்டில் இடம் கிடைத்திருந்தது. ராஜகோபுரத்தில் இருவரும் இறங்கினோம். தெற்குச் சித்திரை வீதிக்கு வந்ததும் அவர் கிழக்கே திரும்பினார். நான் மேற்கே திரும்பினேன். மேலச் சித்திரை வீதி வழியாக நடந்து வீட்டுக்குப் போனேன்.

எப்போதும் வருகிற அதே நேரத்துக்குத்தான் வீடு வந்தது.