ஒரே பழம்... மூன்று உச்சரிப்பு!

குழந்தைகளே! ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனால், ஏரிக்கரைப் பழக்கடை அருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பல ஊர்த் தமிழ் காதில் விழும். கடையில் தொங்குவது வாழைத்தார்தான். ஆனால், மதுரைப் பக்கத்தினர் பலர், ‘வாளப்பளம்’ என்பர். சென்னையில் சிலர், ‘வாயப்பயம்’ என்பர். ‘வாழைப்பழம்’ என்பவர்களும் உண்டு.

ஏன் இப்படி? எல்லாம் நாக்கு செய்யும் வேலை!

‘ழ’ சொல்லும்போது, நாக்கு நுனி உள்நோக்கி வளையும், மேலண்ணத்தைத் தொடாது. தொட்டுவிட்டால், ‘ள’. நுனி வளையாமல், நாக்கின் நடுப்பகுதி எழும்பினால், ‘ய’. சொல்லிப் பாருங்கள், புரியும்!

நம் அண்டை மொழிகளிலும் இந்த வேடிக்கை உண்டு. நமக்கும், மலையாளத்தாருக்கும், ‘ஏழு.’ கன்னடத்தில், ‘ஏளு.’ தெலுங்கில், ‘ஏடு.’ எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை.

இந்தியும் ஊருக்கு ஊர் மாறும். நாட்டைக் குறிக்கும், ‘தேஷ்’ என்ற சொல், போஜ்புரி பேசும் பீகார் பக்கம், ‘தேஸ்’ ஆகிவிடும். ‘யமுனா’ நதி, பலர் வாயில், ‘ஜமுனா’ ஆகும்.

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் பெயரே, ஆங்கிலேயர் வாயில், ‘ஷெவராய்’ ஆனது!

இம்மலையின் பழங்குடியினருக்கு, ‘மலையாளி’ என்று பெயர். கேரளத்தவர் என நினைத்துவிடாதீர்கள். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவதும் தமிழே. வழிவழியாக வந்த மலைத்தமிழ்.

மலைக் கிராமத்திலிருந்தோ, வேறு மாவட்டத்திலிருந்தோ ஒரு பிள்ளை புதிதாக வகுப்பில் சேர்ந்தால், அதன் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரிப்பர். ஒரு முறை சிரித்தால் போதும். அப்புறம் விடை தெரிந்தாலும் அந்தப் பிள்ளை கை தூக்காது. ஆசிரியர் பணியில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊர்ப்பேச்சு குறையல்ல, குழந்தைகளே. அது, அம்மா வாயிலிருந்து கற்றது!

அதற்காக, ‘ழ’வைக் கைவிடலாமா? கூடாது. ‘வாழை’ மரம், ‘வாளை’ மீன். ‘கிழி’ என்றால் கிழிப்பது, ‘கிளி’ பறவை. எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும். வீட்டில் ஊர்த்தமிழ் பேசுங்கள். பாடம் வாசிக்கும்போதும், மேடையில் பேசும்போதும், ‘ழ’வைத் திருத்தமாகச் சொல்லுங்கள்.

நாளை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வகுப்பில் வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகளை, ‘வாழைப்பழம், மழை, கிழமை’ என்று சொல்லச் சொல்லி, கேட்டதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: யாரும் சிரிக்கக் கூடாது!