மழைக்குக் குடை பிடிக்கும் கல் வளைவுகள்

(நமது மும்பை நிருபர்)

வி.டி. ரயில் நிலையத்தில் (இன்றைய சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) இறங்கி, கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு நடந்து போகும் நம்மவர்கள் ஏராளம். மின்சார ரயில் தாமதமாகிவிட்டால் நடை ஓட்டமாகிவிடும். அந்த ஓட்டத்தில் தலைக்கு மேலே யார் பார்க்கிறார்கள்?

ஒருநாள் பாருங்கள். தாதாபாய் நவ்ரோஜி சாலை ஓரமாக, கட்டிடங்களின் கீழ்த்தளத்தில் கல் வளைவுகள் வரிசையாகப் போகும். ஒரு பக்கம் கடைகள், மறுபக்கம் கனத்த தூண்கள், மேலே மாடி. நடுவே உள்ள தாழ்வாரம் உங்களுக்கும் எனக்கும்.

1896-ல் வந்த விதி

1860-களில் பம்பாய்க் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன. பழைய தெரு அகலமான சாலையாயிற்று. அன்று அதன் பெயர் ஹார்ன்பி சாலை. இருபுறமும் வணிக மாளிகைகள் எழும்பின.

1896-ல் ஒரு விதி வந்தது. இந்தச் சாலையில் கட்டிடம் எழுப்புகிறவர் கீழ்த்தளத்தில் பாதசாரிகளுக்குத் தாழ்வாரம் விட்டே ஆக வேண்டும் என்பதே அது.

முகப்பை அவரவர் விருப்பம்போல் கட்டினார்கள். ஒன்றில் கோதிக் பாணிக் கூர்வளைவு, ஒன்றில் ரோமானியத் தூண், இன்னொன்றில் நம் நாட்டுக் குவிமாடம். மேலே ஆளுக்கொரு அழகு. கீழே எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு. இதுதான் இந்தச் சாலையின் சிறப்பு.

நனையாத சான்றிதழ்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம். பள்ளி இறுதிச் சான்றிதழைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, வேலைக்கு மனுக் கொடுக்க வந்தேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கொட்டியது மழை. கையில் குடை இல்லை. வாங்கக் காசும் இல்லை. சாலையைக் கடந்து இந்த வளைவுகளுக்குள் புகுந்தேன். தூண் தூணாக நடந்து போய்ச் சேர்ந்தபோது செருப்பு நனைந்திருந்தது, சான்றிதழ் நனையவில்லை.

ஊரில் வழிப்போக்கருக்குத் திண்ணை விட்ட வீடுகள் நினைவுக்கு வந்தன. திண்ணை மனம் இருந்தால்தான். இங்கோ சட்டமே விடச் சொல்லியிருக்கிறது.

மறைந்ததும் மீண்டதும்

பின்னாளில் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள் வளைவுகளை மூடிவிட்டன. 1995-ல் மும்பையில் பாரம்பரியக் கட்டிடப் பாதுகாப்பு விதிகள் வந்தன. அதன்பின் கட்டிடக்கலை நிபுணர் ஆபா நாராயண் லாம்பா வகுத்த திட்டப்படி, கடைக்காரர்கள் பலகைகளை வளைவுக்குள் அடங்கும்படி மாற்றினார்கள். 2004-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் இந்தப் பணிக்குப் பாராட்டும் கிடைத்தது.

தாழ்வாரத்தில் கடை விரிப்பவர்கள் உண்டு. அவர்களும் நம்மைப்போல் பிழைக்க வந்தவர்கள்தான். விரட்டச் சொல்ல மனம் வராது. ஆனால் இரண்டு பேர் எதிரெதிரே போகும் அளவு வழியாவது இருக்க வேண்டும். வழி அடைபட்டால் முதலில் நனைகிறவன் குடை இல்லாதவனே.

அடுத்த மழையில் அங்கே ஒதுங்கும்போது சற்று நிமிர்ந்து பாருங்கள். அந்தக் கூரையில் உங்களுக்கும் பங்கு உண்டு.