ஒரு காது மட்டும் மந்தமானால்…

குருநகரில் வீடு வீடாகப் போகும்போது, காது சரியாகக் கேட்காத பெண்கள் பலர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "ஷெல் சத்தத்திலை போன காது, பிள்ளை." 1993 நவம்பரில் புனித யாகப்பர் ஆலயத்தின் மேலேயே விமானக் குண்டு விழுந்த ஊர் இது. அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. நானும் அதை அப்படியே குறித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

மீன் விற்கும் ஓர் அக்காதான் என்னை யோசிக்க வைத்தவர். கணவர் காணாமற்போன பின் தனியே நின்று பிள்ளைகளை வளர்த்தவர். "இடது காதிலை எந்த நேரமும் வண்டு இரையுது. வலது காதிலை வைச்சாத்தான் ரெலிபோனிலை கதை விளங்குது" என்றார். இருட்டில் மதிலைப் பிடித்தபடிதான் நடப்பாராம். ஆனால் இந்தக் குறை தொடங்கி இரண்டு வருடங்கள்தான். யுத்தம் முடிந்ததோ 2009இல். வெடிச்சத்தத்தால் வரும் பாதிப்பு அநேகமாக அந்த நேரமே தெரிந்துவிடும். இத்தனை வருடம் கழித்து, ஒரு காது மட்டும் வரவர மந்தமாவது ஏன்?

யாழ். போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கேள்திறன் சோதனை செய்தார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதினார்கள். சகோதரிகளே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். எம்.ஆர்.ஐ. என்பது பலமான காந்தம். உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருந்தால், பழைய காயம்தானே என்று மறைக்காமல் முன்கூட்டியே சொல்லவேண்டும். இன்னொன்று, அந்த இயந்திரம் 'டக் டக்' என்று பலமாக இடிக்கும். அக்கா பயத்தில் ஒருமுறை எழும்பியே விட்டார். காதுக்கு அடைப்பான் தருவார்கள், கையில் தரும் மணியை அழுத்தினால் நிறுத்துவார்கள் என்று முதலே சொல்லியிருக்கலாம். அது என் பிழை.

செவி நரம்பில் 11 மில்லிமீற்றர் கட்டி. 'அக்கூஸ்ரிக் நியூரோமா' என்பார்கள். கேள்வியையும் உடற்சமநிலையையும் மூளைக்குக் கொண்டுபோகும் எட்டாவது மண்டை நரம்பின் உறையில் உண்டாவது. புற்றுநோயல்ல, வேறு உறுப்புகளுக்குப் பரவாது. வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஓரிருவருக்கே கண்டுபிடிக்கப்படுகிறது. வளர்ந்தால் பெரும்பாலும் வருடத்துக்கு ஓரிரு மில்லிமீற்றர்தான். பல கட்டிகள் வளராமலே கிடக்கும். மிகப் பெரிதாகி மூளைத்தண்டை அழுத்தினால்தான் உயிருக்கு ஆபத்து.

"தலையைத் திறக்க வேணுமோ? நான் படுத்தால் உலை ஆர் வைக்கிறது?" அக்காவின் கேள்வி அதுதான்.

எல்லோருக்கும் திறக்கத் தேவையில்லை. சிறிய கட்டியென்றால் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஸ்கான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு சிகிச்சை முறையே. வளர்ந்தால், ஏறத்தாழ 3 சென்ரிமீற்றருக்குள் இருப்பவற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை செய்யலாம். அது கட்டியை அகற்றாது, வளர்ச்சியை நிறுத்தவே முயலும். பெரிய கட்டிக்குச் சத்திரசிகிச்சை. பக்கத்திலேயே முக நரம்பு ஓடுவதால் முகம் கோணலாம், கண் மூடாமல் போகலாம். இதை வைத்தியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த முறையிலும், போன கேள்வி பொதுவாகத் திரும்பாது. முகம் விறைத்தாலோ, தலையிடியும் தள்ளாட்டமும் கூடினாலோ தவணைத் திகதிக்குக் காத்திருக்கக்கூடாது.

அக்காவுக்குப் பார்த்திருக்கலாம் என்றே சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கானிலும் அதே 11 மில்லிமீற்றர். இப்போது மீன் வாங்க வருபவர்களைத் தன் வலப்பக்கம் வந்து நின்று விலை கேட்கச் சொல்கிறார்.