கந்தளாயிற் சதுர்வேதிமங்கலம்: அரசும் சமயப் பரவலும்

ஒரு சமயம் ஒரு நாட்டில் வேரூன்றுதற்குப் போதனை மட்டும் போதுமா என்னும் வினாவுக்கு இடைக்கால ஐரோப்பா தரும் விடை தெளிவானது. பாப்பரசர் முதலாம் கிரகோரியார் அனுப்பிய அகுஸ்தீன் கி.பி. 597இல் கென்ற் நாட்டை அடைந்தபோது, அந்நாட்டரசி பேர்த்தா ஏற்கெனவே கிறித்தவராயிருந்தார். அரசன் எதல்பெர்ட்டும் பின்னர் திருமுழுக்குப் பெற்றான். பழைய கோயில்களை இடியாது, அங்குள்ள உருவங்களை மட்டும் அகற்றி, அவற்றைத் தேவாலயங்களாக மாற்றுக எனப் பாப்பரசர் 601இல் எழுதினார். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின் சாள்மேன் மன்னனோ சாக்சனியர்மீது சமயத்தை வாளாலும் சட்டத்தாலும் திணித்தான். முறை வேறாயினும், அரசின் கை இரு நிகழ்ச்சிகளிலும் தெரிகின்றது.

நம் நாட்டிலே இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற களமாகக் கந்தளாயைக் கருதுகின்றோம். அங்குள்ள பெருங்குளத்தைச் சூளவம்சம் 7ஆம் நூற்றாண்டினனான இரண்டாம் அக்கபோதியோடு தொடர்புபடுத்தும். தமிழ் மரபோ குளக்கோட்டனின் திருப்பணி என்னும். யார் கட்டியதாயினும், குளத்து நீரும் நெல்வயலுமே பிராமணக் குடியிருப்பொன்று அங்கு நிலைபெறுதற்கு ஆதாரமாயின என்பதில் ஐயமில்லை.

சைவம் இப்பகுதிக்குச் சோழர் புதிதாகக் கொணர்ந்ததன்று. 7ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடியுள்ளார். சோழர் சேர்த்தது நிறுவன அமைப்பாகும். சோழ இலங்கேசுவர தேவரின் காலத்துக் கந்தளாய்க் கல்வெட்டு, இராசராச சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிப் பெருமக்களைக் குறிப்பிடுகின்றது. ஊரும் சபையும் அரசன் பெயரைத் தாங்கி நின்றன.

அவ்வாறாயின், அவ்வரசு வீழ்ந்தபின் அந்நிறுவனம் என்னாயிற்று? இதுவே நாம் சிந்திக்கவேண்டிய வினா. 1070இல் சோழரை வெளியேற்றிய முதலாம் விசயபாகு, பௌத்த சங்கத்தைப் புதுப்பித்தற்கு இராமஞ்ஞ நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்த மன்னன். ஆயினும் அவனது 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பளமோட்டைக் கல்வெட்டிலே கந்தளாய் விசயராச சதுர்வேதிமங்கலம் என்றும், அங்குள்ள தென்கைலாசம் விசயராச ஈசுவரம் என்றும் அழைக்கப்படுகின்றன. நங்கைசாணி என்னும் பிராமணக் கைம்பெண் அக்கோயிலுக்குப் பொன்னும் காசும் நிவந்தமாக அளித்தாள். அதனைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றனர். வென்றவன் கோயிலை அழிக்கவில்லை. தன் பெயரை அதற்கு ஈந்தான். கோயிலின் நாளைய வாழ்விலே நம்பிக்கை இல்லாதிருந்தால், அம்மாது தன் பொருளை அதற்கு ஈந்திருப்பாளா?

1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் காலத்தில் அவ்வூர் சதுர்வேத பிரமபுரம் எனப்பட்டது. பார்வதியின் பெயரால் அன்னசத்திரமொன்றும் அங்கு விளங்கிற்று. மறுதலையாக, திருகோணமலைக்கு அண்மையிலுள்ள பெரியகுளத்துப் பௌத்த விகாரம் இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயர் பெற்றுத் தமிழரின் கொடைகளையும் ஏற்றது.

இவற்றால் நாம் பெறும் முடிவு இதுவே: அரசனின் ஆதரவும் நிலமும் சமயத்தைப் பரப்பியமையில் கென்றும் கந்தளாயும் ஒக்கும். ஆனால் கென்றில் புதியது நிலைபெறப் பழைய உருவங்கள் அகல வேண்டியிருந்தன. கந்தளாயிலோ அரசும் ஊரின் பெயரும் மாறின, வழிபாடு மாறவில்லை.