பறக்கும் கார்: விமானம் அறிந்தவர்கள் ஏன் சிரிக்கிறார்கள்?

பறக்கும் கார் எப்போது விற்பனைக்கு வரும் என்று விமானத்துறையில் ஆர்வமுள்ள ஒருவரிடம் கேட்டால், "இன்னும் இரண்டு வருடத்தில்" என்பார். பிறகு, "1917 இலிருந்து அப்படித்தான் சொல்கிறார்கள்" என்று சேர்த்துக்கொள்வார்.

அந்த ஆண்டு நியூயோர்க்கில் நடந்த விமானக் கண்காட்சியில் அமெரிக்க விமான முன்னோடி கிளென் கேர்டிஸ் 'ஓட்டோபிளேன்' என்ற வாகனத்தைக் காட்சிக்கு வைத்தார். மூன்று இருக்கைகள், கழற்றி மாட்டக்கூடிய மூன்றடுக்கு இறக்கைகள் என்று எல்லாம் இருந்தன. ஆனால் தரையை விட்டுச் சில தடவைகள் துள்ளியதற்கு மேல் அது பறக்கவில்லை. அதன் பின்னர் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பறக்கும் கார் அறிவிக்கப்பட்டே வந்திருக்கிறது. விமானிகள், பொறியியலாளர்கள், ஓடுபாதை வேலியோரம் நின்று படம் பிடிப்பவர்கள் ஆகியோரிடையே அது ஒரு நிரந்தர நகைச்சுவையாகிவிட்டது.

இதைப் புதுமை மீதான வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. விமானங்களை மற்றெல்லோரையும்விட நேசிப்பவர்கள் இவர்கள்தாம். இவர்களுடைய பகிடிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பௌதிக விதியோ, ஒரு விபத்தோ ஒளிந்திருக்கிறது.

"கெட்ட கார், கெட்ட விமானம்"

அதிகம் சொல்லப்படும் பகிடி இது: ஒரு காரையும் ஒரு விமானத்தையும் சேர்த்தால் ஓட்டவும் சரிவராத, பறக்கவும் சரிவராத ஒன்றுதான் கிடைக்கும்.

இதன் அடிப்படை எடை. மோதலில் உள்ளிருப்பவரைக் காக்க காருக்குத் தடித்த உடற்சட்டம், மோதுதாங்கி, காற்றுப் பைகள் எல்லாம் வேண்டும். விமானத்துக்கோ ஒவ்வொரு கிலோவும் பகை. உலகில் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானமான செஸ்னா 172, நான்கு பேரோடும் எரிபொருளோடும் புறப்படும்போது அனுமதிக்கப்படும் உச்ச எடை சுமார் 1,150 கிலோ. இன்றைய ரொயோட்டா கொரோலா ஒன்று ஆளே ஏறாத நிலையில் அதைவிடக் கனமானது. செஸ்னாவின் இறக்கை நுனிக்கு நுனி 11 மீற்றர். வீதியில் ஒரு வழித்தடத்தின் அகலமோ மூன்றரை மீற்றர் அளவுதான். ஆகவே இறக்கையை மடிக்க வேண்டும், அல்லது கழற்ற வேண்டும். மடிக்கும் பொறிமுறையே மேலும் எடை சேர்க்கும்.

இந்த முரண்பாட்டோடு நேர்மையாகப் போராடி வென்றவர் மோல்டன் டெய்லர். 1949 இல் பறந்த அவருடைய 'ஏரோகார்' இறக்கைகளையும் வாலையும் பின்னால் ஓர் இழுவை வண்டியாகக் கட்டிக்கொண்டு வீதியில் ஓடியது. 1956 இல் அமெரிக்க அரசின் விமானச் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் பெருமளவில் தயாரிக்கத் தேவையான முற்பதிவுகள் சேரவில்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய சில ஏரோகார்களோடு கதை முடிந்தது. தொழில்நுட்பம் வேலை செய்தபோதும் வாங்க ஆள் இருக்கவில்லை.

"இயந்திரம் நின்றால் ஓரமாக நிறுத்துங்கள்"

வீதியில் காரின் இயந்திரம் நின்றால் ஓரமாக நிறுத்திவிட்டு உதவிக்கு அழைக்கலாம். ஆகாயத்தில் ஓரம் என்று ஒன்றில்லை. இந்தப் பகிடியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அடுத்ததாக 'மிசார்' பற்றிப் பேசுவார்கள்.

1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஹென்றி ஸ்மொலின்ஸ்கி என்ற பொறியியலாளர், செஸ்னா ஸ்கைமாஸ்டர் விமானத்தின் இறக்கைகளையும் பின்பகுதியையும் ஃபோர்ட் பின்டோ காரோடு இணைத்தார். 1973 ஓகஸ்ட்டில் ஒரு சோதனைப் பறப்பின்போது வலது இறக்கையைத் தாங்கும் தண்டு காரோடு சேரும் இடத்தில் விட்டுப்போனது. திருப்பினால் இறக்கை முறியும் என்று உணர்ந்த சோதனை விமானி, நேரே முன்னாலிருந்த ஒரு பயிர் நிலத்தில் இறக்கித் தப்பினார். இரண்டு வாரங்களின் பின்னர், செப்டெம்பர் 11 அன்று, ஸ்மொலின்ஸ்கி தன் பங்காளி ஹரோல்ட் பிளேக்குடன் தானே அதைப் பறக்கவிட்டார். அதே வலது பக்கத் தண்டு மீண்டும் விலகியது. இருவரும் உயிரிழந்தனர். தரமற்ற ஒட்டுவேலையும் அளவை மீறிய எடையும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டன.

"எந்த மானியைப் பார்த்தீர்கள்?"

1947 இல் கொன்வெயர் நிறுவனத்தின் பறக்கும் கார் சான் டியேகோ அருகே எரிபொருள் தீர்ந்து வீழ்ந்தது. அதில் காருக்கு ஓர் எரிபொருள் மானி, விமானத்துக்கு வேறொரு மானி. விமானி கார் மானியைப் பார்த்து எரிபொருள் போதும் என்று நம்பிவிட்டதாகக் கூறப்படுகிறது. அவர் உயிர் தப்பினார். திட்டம் தப்பவில்லை.

இதன் இன்றைய வடிவம் வாகனத் தரிப்பிடப் பகிடி. பக்கத்துக் காரின் கதவு உங்கள் காரில் இடித்தால் ஒரு கீறல், கொஞ்சம் மனவருத்தம். அதே கதவு உங்கள் இறக்கையில் இடித்தால், தகுதிபெற்ற தொழில்நுட்பவியலாளர் பரிசோதிக்கும்வரை நீங்கள் பறக்கக் கூடாது. சாதாரண விமானி ஒவ்வொரு பறப்புக்கும் முன்னர் விமானத்தைச் சுற்றி நடந்து, எண்ணெய் முதல் இறக்கை வரை பார்வையிடுகிறார். காலையில் அவசரமாக வேலைக்குப் புறப்படும் சாரதிகளில் எத்தனை பேர் ரயர்களையாவது பார்க்கிறார்கள்?

"அது ஏற்கனவே இருக்கிறது, பெயர் ஹெலிகொப்டர்"

ஓடுபாதை இல்லாமல் வீட்டு முற்றத்திலிருந்து எழும்பும் வாகனம்தான் கனவு என்றால், அது பல பத்தாண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. அது ஏன் ஒவ்வொரு வீட்டிலும் இல்லை என்ற கேள்விக்கான விடைதான் பறக்கும் காருக்கும் பொருந்தும்: விலை, இரைச்சல், பராமரிப்பு, பயிற்சி.

நியூயோர்க்கில் பான் ஆம் கட்டடத்தின் கூரையிலிருந்து பயணிகள் ஹெலிகொப்டர் சேவை நடந்தது. 1977 மே 16 அன்று கூரையில் நின்ற ஹெலிகொப்டரின் தரையிறங்கு கால் ஒன்று முறிந்து அது சரிந்தது. சுழலியின் அலகு பட்டுக் கூரையில் நால்வர் இறந்தனர். கீழே வீதியில் நடந்துசென்ற ஒரு பெண்ணும் சிதறல் பட்டு இறந்தார். அத்தோடு அந்தத் தளம் மூடப்பட்டது. நகரத்துக்கு மேல் பறப்பதன் ஆபத்து பயணச்சீட்டு வாங்கியவரோடு நிற்பதில்லை.

மின்சாரத்தில் பறக்கலாமே என்பது இன்றைய பதில். ஆனால் லித்தியம் அயன் பற்றரி ஒரு கிலோவில் சுமார் 250 வற் மணி சக்தியைச் சேமிக்கிறது. ஒரு கிலோ பெற்றோலில் இருப்பது சுமார் 12,000. பெற்றோல் இயந்திரம் முக்கால்வாசியை வெப்பமாக வீணாக்கினாலும் வித்தியாசம் பத்து மடங்குக்கு மேல். அதிலும் இறக்கையின் உதவியின்றி நிலைக்குத்தாக எழும்புவதும் மிதப்பதும்தான் அதிக சக்தியைத் தின்னும் வேலை.

சிரிப்பு நிற்கும் இடம்

ஐயம் கொள்பவர்கள் எல்லாவற்றையும் மறுப்பதில்லை. 2021 ஜூனில் ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் கிளைன் தன் 'எயார்கார்' வாகனத்தில் நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து, இறங்கி, இறக்கையை மடித்து, நகருக்குள் ஓட்டிச்சென்றபோது அவர்களும் கைதட்டினார்கள். அடுத்த ஆண்டு அதற்கு விமானத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. ஆயினும் அதற்கு ஓடுபாதையும் வேண்டும், விமானி உரிமமும் வேண்டும்.

அவர்களுக்குக் கோபம் வருவது பணம் கைமாறும் இடத்தில். அமெரிக்கரான போல் மொல்லர் தன் 'ஸ்கைகார்' பற்றிப் பல பத்தாண்டுகள் வாக்குறுதி அளித்தார். பொதுவெளியில் காட்டப்பட்ட மிதப்புச் சோதனைகளில் அது கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தது. ஆதாரமற்ற கூற்றுகளோடு, பதிவுசெய்யப்படாத பங்குகளை விற்றதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணைக்குழு 2003 இல் வழக்குத் தொடுத்தது. மொல்லர் 50,000 டொலர் அபராதம் செலுத்த இணங்கினார். அண்மையிலும், 2024 இன் இறுதியில், மின்சார வான் வாகனங்களை உருவாக்கிய ஜேர்மனியின் லிலியம், வொலொகொப்டர் ஆகிய இரு நிறுவனங்களும் அடுத்தடுத்து வங்குரோத்து நடவடிக்கைக்குச் சென்றன.

எனவே அடுத்த தடவை பளபளப்பான காணொளியோடு ஒரு செய்தி வரும்போது சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஆளை ஏற்றிக்கொண்டு, கயிறில்லாமல், எவ்வளவு தூரம் பறந்தது? கிடைத்திருப்பது சோதனை செய்வதற்கான அனுமதியா, விற்பதற்கான சான்றிதழா? உண்மையிலேயே வீதியில் ஓடுமா, அல்லது சக்கரமில்லாத வான் வாடகை ஊர்தியைத்தான் கார் என்கிறார்களா? நடுவானில் இயந்திரம் நின்றால் என்ன ஆகும்? முற்பணம் கேட்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் "ஆம்" என்று தெளிவான பதில் கிடைத்தால், விமானம் அறிந்தவர்களோடு சேர்ந்து நாமும் சிரித்துவிட்டு, பணப்பையை மூடிக்கொள்ளலாம்.